தம்பிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். என் தம்பிக்கு ஆறு வருஷமாக மனச்சிதைவு நோய். மாத்திரையில் இப்போது நன்றாக இருக்கிறான். மூளையைப் படம் எடுக்கும் ஓர் ஆய்வில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோய் இல்லாத அக்கா என்று என்னையும்.

எனக்குச் சம்மதம். 1976-இல் லண்டனில் மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர் சி.டி. ஸ்கேன் படம் எடுத்து, இந்த நோய் நாள்பட்டவர்களின் மூளையில் திரவம் நிறைந்த அறைகள் பெரிதாக இருப்பதைக் காட்டினார்கள். வளர்ப்பு சரியில்லாததால்தான் இந்த நோய் வருகிறது என்று தாயைக் குறை சொன்ன காலம் அது. எங்கள் அம்மா அந்தப் பேச்சை இன்றும் சொந்தக்காரர்களிடம் கேட்டு அழுகிறார். படத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு இந்த நோய் என்று இப்போதும் உறுதி செய்ய முடியாது. அதனால் தம்பிக்கு உடனடிப் பலன் எதையும் எதிர்பார்க்கவில்லை.

கவலை சத்தம்தான். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு இல்லை, ஆனால் குழாய்க்குள் படுத்திருக்கும்போது டமடமவென்று இடிக்கும். குரல்கள் கேட்ட நாட்களில், மிக்ஸி ஓடினாலே அவன் காதைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்துவிடுவான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி எடுத்திருக்கிறார்களா? அவர்களை முன்கூட்டியே எப்படிப் பழக்கினீர்கள்? காதடைப்பான் போதுமா? பாதியில் பயந்தால் உடனே வெளியே எடுத்தார்களா?

அப்புறம் இன்னொன்று. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். சம்மதப் படிவத்தை அவருக்குப் பொறுமையாக விளக்க, தமிழ் பேசும் நர்சோ மருத்துவ மாணவரோ இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா? நானே வந்து அழைத்துப்போகிறேன்.