புதுப்பிப்பு: அம்மாவுடன் ஜெய்ப்பூர் போய் வந்தாச்சு

முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஜெய்ப்பூர் போகலாமா, ஹவா மஹாலை விட்டுவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். "ஐந்து மாடி, வேண்டாம்" என்றுதான் பலரும் சொன்னீர்கள். நல்லவேளை, அந்தப் பேச்சைக் கேட்கவில்லை!

1799இல் கட்டிய அந்த மாளிகையில் மேலே ஏறப் பெரும்பாலும் படியே இல்லை, சாய்தளம்தான். அம்மா சுவரைப் பிடித்தபடி மெதுவாக ஏறினார். மேலே போய் ஒரு குட்டி ஜன்னலில் கண்ணை வைத்துக் கடைத்தெருவைப் பார்த்தவர், கால் மணி நேரம் நகரவே இல்லை. மொத்தம் 953 ஜன்னல்கள் என்றதும், "யாருடா துடைப்பாங்க?" என்றார். உச்சி மாடி மட்டும் குறுகல், அங்கே நான் தனியாகப் போனேன். இன்னொன்று, வாசல் பின்பக்கம் இருக்கிறது. தெருவில் நின்று தேடாதீர்கள்.

ஆமேர் கோட்டைக்கு ஜீப். வாடகையில் கொஞ்சம் ஏமாந்தேன், சரி விடுங்கள்.

ஜந்தர் மந்தர் என்ற பழைய வானியல் கூடத்தில் 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தின் நிழல் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது, கண்ணாலேயே பார்க்கலாம். என் கைக்கடிகாரத்தைவிட அரை மணி பின்தங்கியிருந்தது. பழுதில்லை, அது காட்டுவது சூரியனை வைத்துக் கணக்கிடும் ஜெய்ப்பூரின் சொந்த நேரம், கைக்கடிகாரம் காட்டுவது நாடு முழுவதற்குமான பொது நேரம். அப்புறம், நாஹர்கட் கோட்டைக்குப் போக நேரமில்லை.