பெட்டிக்கடைக்கு சிகரெட் லைசென்ஸ் வந்தா ஸ்கூல் பசங்களுக்கு விக்கிறது நிக்குமா?

நெல்லைக்காரன்:
பையன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் ஸ்கூல் பக்கத்துல கூப்புடு தூரத்துல ஒரு பெட்டிக்கடை, சாயங்காலமானா யூனிஃபார்மோட பசங்க ஒத்த சிகரெட் வாங்கிட்டு சந்துக்குள்ள போறானுங்க. 18 வயசுக்குக் கீழ விக்க மாட்டோம்னு போர்டு கடைக்காரர் தலைக்கு மேலயே தொங்குது. கேட்டா "அப்பாவுக்குன்னு சொல்றான் சார், நான் என்ன செய்ய"ங்கறார். புகையிலை விக்க தனி லைசென்ஸ் வேணும்னு பேசிக்கிறாங்களே, வந்தா மாறுமா, இல்ல அதுவும் இன்னொரு மாமூல்தானா?

கோர்ட்டு வாசல்:
சார் சட்டம் 2003லயே இருக்கு. கோட்பான்னு சொல்ற சிகரெட், புகையிலைப் பொருள் சட்டத்தோட 6வது பிரிவு, 18க்குக் கீழ விக்கக்கூடாது, பள்ளி காலேஜ்ல இருந்து 100 கஜத்துக்குள்ள யாருக்குமே விக்கக்கூடாது. ஆனா அபராதம் அதிகபட்சமே 200 ரூபா, எவன் பயப்படுவான்? சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவுல 7 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம் இருக்கு, அதுல கேஸ் போட்டாதானே. லைசென்ஸ் குடுங்கன்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2017லயே மாநிலங்களுக்கு லெட்டர் போட்டுச்சு, அந்தக் கடைல மிட்டாய் பிஸ்கட் சிப்ஸ் கூல்ட்ரிங்க்ஸ் எதுவும் இருக்கக்கூடாதுன்னும் சேத்துதான்.

டீக்கடை மவன்:
அண்ணே மிட்டாய் விக்காம எங்க கடைய எப்புடி நடத்துறது. சிகரெட்ல நிக்கிற காசு கொஞ்சந்தான், அதுக்கு வர்றவன் டீயும் வடையும் சாப்டுறதுலதான் பொழப்பே ஓடுது. எங்கப்பா சின்னப் பசங்கள வெரட்டி விட்ருவாரு, நேரா அடுத்த கடைக்குப் போய் வாங்கிருவான். லைசென்ஸ் எடுத்தவன் கடைக்குத்தான் ஆபீசர் வருவாரு, எடுக்காதவன் ஜாலியா விப்பான், அதான் நடக்கும் பாருங்க.

சிங்கை வாசி:
இங்க சிங்கப்பூர்ல மளிகைக் கடைல நிக்கிறேன், அதனால சொல்றேன். லைசென்ஸ் இல்லாம ஒரு பாக்கெட் விக்க முடியாது. சிகரெட் வாங்குற வயசு வருஷத்துக்கு ஒண்ணா ஏத்தி 2021ல 21 ஆக்கிட்டாங்க. ஆளு சின்னதா தெரிஞ்சா ஐசி (அடையாள அட்டை) கேக்காம குடுக்க மாட்டேன். முதல் தடவ மாட்டுனா 6 மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட், ரெண்டாவது தடவ ரத்து, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக்கு வித்தா முதல் தடவையே ரத்து. ஃபைனும் உண்டு, ஆனா எங்க முதலாளிக்கு பயமே அந்த 6 மாசந்தான், ஏன்னா சிகரெட் இல்லன்னா மத்த சாமான் வாங்குற ஆளும் வராது. தம்பி சொல்ற கணக்கேதான் இது, இங்க அது கடைக்காரன் கழுத்துக்குக் கத்தியா நிக்குது. ஆனா ஒண்ணு, லைசென்ஸ் இல்லாம விக்கிறவன மொதல்ல புடிக்கணும், இல்லன்னா தம்பி சொன்ன மாதிரிதான் ஆகும்.

நெல்லைக்காரன்:
அப்போ வேப்பு, அதான் இந்த ஈ-சிகரெட்டு? பையன் க்ளாஸ்ல ஒருத்தன்கிட்ட பென் மாதிரி ஒண்ணு இருந்துச்சாம்.

கோர்ட்டு வாசல்:
அது இந்தியாவுல 2019லயே மொத்தமா தடை, லைசென்ஸ் பேச்சுக்கே இடமில்ல. வித்தா முதல் தடவையே 1 வருஷம் வரை ஜெயில் போடலாம்.

சிங்கை வாசி:
இங்கயும் தடைதான், ஆனா டெலிகிராம்ல ஓடுது. கடையே இல்லாத வியாபாரத்துக்கு எந்த லைசென்ஸ புடுங்குவீங்க.

நெல்லைக்காரன்:
சரி, இப்போதைக்கு இந்தக் கடைக்கு என்ன பண்ணலாம்? 100 கஜம்னா எவ்ளோ, கேட்டுல இருந்தா அளக்கணும்?

கோர்ட்டு வாசல்:
சுமார் 91 மீட்டர். கேட் இல்ல, காம்பவுண்ட் சுவர்ல இருந்து நேர்கோட்டுல, ரோடு சுத்திப் போற தூரம் கணக்கில்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல மனு குடுங்க, 6வது பிரிவோட அந்த 77ஐயும் மறக்காம எழுதுங்க. பசங்க மூஞ்சி தெரியுற மாதிரி போட்டோ மட்டும் வேண்டாம் சார்.