புதுப்பிப்பு: மாவு மிக்சரில் விஎஃப்டி டிரிப் ஆகும் பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் துவாஸில் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு மிக்சர், 7.5 கிலோவாட் மோட்டார், 400 வோல்ட். அதே 7.5 என்று பார்த்து வாங்கிய புது விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்), மாவு கெட்டியானதும் ஓவர்கரண்ட், அதாவது அளவுக்கு மீறிய கரண்ட், என்று காட்டி டிரிப் ஆகி நின்றுவிடும். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மோட்டார் வேகம் பிடிக்கும் ஆக்சலரேஷன் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. "கிலோவாட்டை விடு தம்பி, ஆம்பியரைப் பார்" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. டிரைவின் பக்கவாட்டு லேபிளில், டார்ச் அடித்தால்தான் தெரிகிற எழுத்தில், இரண்டு ரேட்டிங்: 7.5 என்பது பம்ப், ஃபேனுக்கான நார்மல் டியூட்டி, ஒரு நிமிடத்துக்கு ரேட்டட் கரண்டில் 110 சதவீதம்தான் தாங்கும். மிக்சர் மாதிரி கனமான லோடுக்கான, 150 சதவீதம் தாங்கும் ஹெவி டியூட்டிக்கு அதே பெட்டி வெறும் 5.5. வாங்கும்போது நான் பார்க்கவே இல்லை, தப்பு என்னுடையதுதான். அடுத்த சைஸ், அதாவது ஹெவி டியூட்டியில் 7.5 வரும் 11 கிலோவாட் டிரைவ் போட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒரு டிரிப்கூட இல்லை.

எதிர்பாராதது ஒன்று. 20 ஹெர்ட்ஸில் மெதுவாகப் பிசையும்போது மோட்டார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ஷாஃப்டிலேயே இருக்கும் ஃபேனும் சேர்ந்து மெதுவாகிவிடுகிறதே! தனி சப்ளையில் ஓடும் ஃபேன் மாட்டிய பிறகு சரியாகிவிட்டது.

அப்புறம், டிரைவ் இருக்கும் பேனல் பெட்டியின் ஃபேன் ஃபில்டரையும் பாருங்கள். எங்களுடையதில் மாவு படிந்து அப்பம் மாதிரி இருந்தது.