40 வாட் ஹீட்டரை 60 வாட் ஆக்கினால் 3டி பிரிண்டர் வேகமாக ஓடுமா?

பீன்யா_ஜிக்:
பெங்களூரு பீன்யாவில் சின்ன யூனிட் நடத்துகிறேன். பக்கத்து மெஷின் ஷாப்களுக்கு டிரில் ஜிக் (துளை போடும்போது டிரில்லுக்கு வழிகாட்டும் தாங்கி), கேஜ் தாங்கி எல்லாம் 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையால் அடித்துக் கொடுக்கிறேன். ஹாட்டெண்ட் (இழையை உருக்கும் பகுதி) வி6 வகை, நாசில் (உருகியது வெளிவரும் முனை) 0.4 மி.மீ., லேயர் 0.2 மி.மீ., கோட்டின் அகலம் 0.45 மி.மீ., சூடு 205 டிகிரி. நொடிக்கு 100 மி.மீ. வரை அருமையாக வருகிறது. 180 வைத்தால் இழையைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் டக் டக்கென்று தட்டுகிறது, சுவரை விரலால் பிய்த்தாலே பிரிந்து வருகிறது. காலையில் கேட்ட சாம்பிள் சாயங்காலம் கையில் இருக்க வேண்டும் என்பவர்கள் இவர்கள். 60 வாட் ஹீட்டர் போடலாமா, பெரிய மோட்டார் போடலாமா?

அல்சூர்_டூல்ரூம்:
தம்பி, இரண்டுக்கும் காசு போட வேண்டாம். தலை ஓடும் வேகத்தை விட்டுவிட்டு, நொடிக்கு எவ்வளவு பிளாஸ்டிக் உருகுகிறது என்று பாருங்கள். 0.2 × 0.45 × 100 என்றால் 9 கன மி.மீ. 180 என்றால் 16.2. உங்கள் ஹாட்டெண்ட் 12 பக்கம் வந்தாலே திணற ஆரம்பிக்கும்.

அந்த 16.2 கன மி.மீ.யை 205 டிகிரிக்கு ஏற்ற 10 வாட் கூட ஆகாது. 40 வாட் தாராளம். சூடு இழைக்குள் இறங்கத்தான் நேரம் பிடிக்கிறது. பி.எல்.ஏ.வின் வெப்பக் கடத்துதிறன் அலுமினியத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. 1.75 மி.மீ. இழையின் நடுப்பகுதி சூடேற ஒன்றிரண்டு நொடியாவது வேண்டும். உருகும் பகுதியோ ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். 16.2க்கு இழை நொடிக்கு 6.7 மி.மீ. இறங்குகிறது, ஒன்றரை நொடியில் வெளியே வந்துவிடுகிறது. கொதிக்கிற தண்ணீரில் கிடக்கும் கிழங்கு, அடுப்பைக் கூட்டினால் சீக்கிரம் வெந்துவிடுமா? அதே கதைதான்.

நடுவில் இளகாத இழையை 0.4 துளையில் தள்ளும்போது எதிர் அழுத்தம் ஏறுகிறது, மோட்டார் ஸ்டெப் தவறுகிறது. நீங்கள் கேட்கும் டக் டக் அதுதான். பெரிய மோட்டார் போட்டால் பல் சக்கரம் இழையைச் சுரண்டித் தூளாக்கும். சுவர் பிரிவதற்கும் இதே காரணம்: குறைவான பிளாஸ்டிக், அதுவும் ஆறிப்போய் வந்தால் கீழ் லேயரோடு ஒட்டாது.

எம்.ஐ.டி.யில் ஜேமிசன் கோவும் ஜான் ஹார்ட்டும் 2017இல் இந்தத் தடைகளைப் பிரித்து அளந்தார்கள்: தள்ளும் விசை, சூடேறும் வேகம், தலை நகரும் வேகம். அப்புறம் இழையில் மரை வெட்டி நட்டால் தள்ளி, வழியிலேயே லேசரால் சூடாக்கினார்கள். சாதாரண மேசைப் பிரிண்டரைவிட பத்து மடங்கு வரை வேகம் கிடைத்தது. நமக்கு அவ்வளவு வேண்டாம். சூட்டை 220க்கு ஏற்றுங்கள், உருகும் பகுதி நீளமான வால்கனோ வகை ஹாட்டெண்ட் போடுங்கள். இல்லையென்றால் இழையை உள்ளேயே மூன்றாகப் பிரிக்கும் சி.எச்.டி. நாசில். என் ஓட்டு நாசிலுக்குத்தான், வேறு எதையும் கழற்ற வேண்டியதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு எடுங்கள். நாசிலைக் காற்றில் நிறுத்தி 200 மி.மீ. இழையைத் தள்ளினால் 0.6 கிராம் வர வேண்டும். நிமிடத்துக்கு 250 மி.மீ. வேகத்தில் தொடங்குங்கள், அது நொடிக்கு 10 கன மி.மீ. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எடை குறைகிற இடம்தான் உங்கள் எல்லை. பெரும்பாலும் டக் டக் கேட்பதற்கு முன்பே எடை குறைந்துவிடும், காதை நம்பாதீர்கள். கிடைத்த எண்ணில் கொஞ்சம் கழித்து ஸ்லைசரில் (மாடலை லேயர் லேயராகப் பிரித்து பிரிண்டருக்குக் கொடுக்கும் மென்பொருள்) மேக்ஸ் வால்யூமெட்ரிக் ஸ்பீடு என்ற இடத்தில் போட்டால், அதைத் தாண்டும் இடத்தில் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒசூர்_லேத்:
ஜிக்தானே, 0.6 நாசில் போட்டுப் பாருங்க சார். உருகும் வேகம் பெரிதாக மாறாது, எதிர் அழுத்தம் நன்றாகக் குறையும். கோடு தடிமனாக இருப்பதால் சுற்றும் குறையும். சின்ன பீஸ் என்றால் லேயர் ஆற நேரம் விடுங்கள், ஃபேன் பத்தாமல் மூலை குழையும்.

பீன்யா_ஜிக்:
நன்றி அண்ணா. எடைச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் வாங்குவேன். சில ஜிக் கார்பன் ஃபைபர் கலந்த இழையில் கேட்கிறார்கள். பித்தளை சி.எச்.டி. தாங்குமா?

அல்சூர்_டூல்ரூம்:
தாங்காது தம்பி, துளை சீக்கிரம் தேய்ந்து பெரிதாகிவிடும். அந்த வேலைக்குக் கடினப்படுத்திய எஃகு நாசில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எஃகு பித்தளை அளவுக்குச் சூட்டைக் கடத்தாது, அதனால் 5, 10 டிகிரி ஏற்றி, எடைச் சோதனையை அந்த இழைக்கும் தனியாகச் செய்யுங்கள். அடர்த்தி வேறு என்பதால் 0.6 கிராம் கணக்கு அதற்குப் பொருந்தாது. மெதுவாகத் தள்ளி வரும் எடையை அடிப்படையாக வையுங்கள்.