ரிமோட் டெஸ்க்டாப்ல வர்றவங்க பாஸ்வேர்டைத் தாங்களே மாத்திக்க என்ன வழி?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு முந்திரி ஏற்றுமதி ஆபீஸ். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில. விண்டோஸ் சர்வர் 2019, டொமைன் (எல்லார் லாகினையும் ஒரே இடத்துல வச்சுக்கற ஏற்பாடு) உண்டு. 14 பேர் ரிமோட் டெஸ்க்டாப்ல (தூரத்துலேர்ந்தே சர்வர் திரையைத் திறந்து வேலை பார்க்கற வழி) வந்து டேலி போடறாங்க. பாதிப் பேர் பண்ருட்டி குடோன்ல, நாலு பேர் பாண்டியில வீட்லேர்ந்து.

இவ்வளவு நாளா எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்: 2011-ல நம்மைப் புரட்டிப் போட்ட புயலோட பேரும் வருஷமும். ஆடிட்டர் பார்த்துட்டு சிரிச்சாரு, முதலாளி சிரிக்கலை. நேத்து சாயங்காலம் ஆளுக்கொரு தற்காலிக பாஸ்வேர்ட் குடுத்து, அடுத்த லாகின்ல மாத்தியே ஆகணும்னு டிக் போட்டேன். காலையில ஒருத்தரும் உள்ள வர முடியலை. முதல்ல பாஸ்வேர்டை மாத்துன்னு மெசேஜ் வருது, மாத்தறதுக்குப் பெட்டி வரலை. டிக்கை எடுத்துட்டேன், இப்ப வர்றாங்க. ஆனா கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் அடிச்சா அவங்கவங்க கம்ப்யூட்டரோட திரைதான் வருது. பாண்டி அக்கா ஒருத்தங்க அது தெரியாம தன் சொந்த லேப்டாப் பாஸ்வேர்டையே மாத்திட்டாங்க. புதுசு என்னன்னும் மறந்துட்டாங்க.

நெட்ல தேடினா என்எல்ஏவை (ரிமோட் திரை திறக்கறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்ட் கேக்கற செட்டிங்) ஆஃப் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

வில்லியனூரான்:
கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட். டெலிட் இல்ல, எண்ட். அப்பதான் ரிமோட் பக்கத்துத் திரை வரும்.

கெடிலக்கரை:
திரை வருது அண்ணே. மாத்தத்தான் விட மாட்டேங்குது. நீளம், கடினம், ஹிஸ்டரி (முன்னாடி வச்சதைத் திரும்ப வைக்கக் கூடாது) விதிக்குப் பொருந்தலைங்குது. 16 எழுத்து, நம்பர், குறி எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. குடோன்ல ரெண்டு லேப்டாப்ல எண்ட் பட்டனே இல்ல, அது வேற.

வில்லியனூரான்:
பட்டனுக்கு: எஃப்என்னோட வலது அம்புக்குறி, பல லேப்டாப்ல அதுதான் எண்ட். அதுவும் இல்லன்னா ரிமோட்டுக்குள்ள ஆன்-ஸ்க்ரீன் கீபோர்டைத் திறந்து, கையில இருக்கற கீபோர்டுல கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, திரையில டெல் மேல மவுஸால க்ளிக்.

அந்த மெசேஜை அப்படியே நம்பாதீங்க. மினிமம் பாஸ்வேர்ட் ஏஜ் (ஒரு தடவை மாத்தினா மறுபடி மாத்தக் காத்திருக்க வேண்டிய நேரம்) டிஃபால்ட் டொமைன் பாலிசியில 1 நாள். காலையில நீங்க டிக்கை எடுத்தப்பவே கணக்கு ஆரம்பிச்சாச்சு. 24 மணி நேரம் ஆகாம மாத்தப் போனாலும் இதே மெசேஜைத்தான் காட்டும். டிக் இருந்தா இந்தக் கணக்கு குறுக்க வராது. எரிச்சல்ல அந்த 1 நாளை 0 ஆக்கிடாதீங்க. ஹிஸ்டரி 24 தானேன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் டீ குடிக்கற நேரத்துல 24 தடவை மாத்தி, பழையதுக்கே திரும்ப வந்துட்டாரு.

முதுநகர் பெரியவர்:
தம்பி, என்எல்ஏல கை வைக்காதீங்க. அது வாசல்ல நிறுத்தியே ஆள் யாருன்னு விசாரிக்கற ஏற்பாடு. பாஸ்வேர்ட் காலாவதி ஆனவரை அங்கேயே திருப்பி அனுப்பிடும். மாத்தற திரை வீட்டுக்குள்ள இருக்கு, உங்க ஆளுங்க திண்ணையில மாட்டிக்கிட்டாங்க. ஆஃப் பண்ணா லாகின் திரை வரைக்கும் எவன் வேணா வருவான். 2019-ல புளூகீப்ங்கற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டை வெளிய வந்தப்ப, விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 வச்சிருந்தவங்கள்ல என்எல்ஏ போட்டிருந்தவங்களுக்குத்தான் பேட்ச் போடற வரைக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சுது. உங்க சர்வர் அந்தக் கணக்குல வராது, இருந்தாலும் சொல்றேன்.

சர்வர்ல ஆர்டி வெப் ஆக்சஸ் ரோல் (ப்ரவுசர்ல ரிமோட் டெஸ்க்டாப்புக்கான லாகின் பக்கம் தர்றது) ஏத்துங்க. ஐஐஎஸ் மேனேஜர்ல (சர்வரோட வெப் பக்கங்களைக் கவனிக்கற இடம்) ஆர்டிவெப், அதுக்குள்ள பேஜஸ், அதுல அப்ளிகேஷன் செட்டிங்ஸ். பாஸ்வேர்ட்சேஞ்ச்எனேபிள்டுன்னு ஒண்ணு ஃபால்ஸ்ல கிடக்கும், ட்ரூ ஆக்குங்க. அதுக்கப்புறம் தைரியமா டிக் போடலாம். ப்ரவுசர்ல அந்தப் பக்கம் போய் தற்காலிக பாஸ்வேர்டோட லாகின் பண்ணா, காலாவதி ஆயிடுச்சு, மாத்திக்கன்னு லிங்க் வரும். டொமைன் பேரையும் சேர்த்து யூசர்நேம் போடணும், நம்ம ஆளுங்க அதைத்தான் விடுவாங்க.

அது இருக்கட்டும், 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் வர்ற வாசல்) ரௌட்டர்ல நேரா திறந்து விட்டிருக்கீங்களா?

கெடிலக்கரை:
ஆமா சார்.

முதுநகர் பெரியவர்:
நெனச்சேன். கேட்வேயோ விபிஎன்னோ (வெளியேர்ந்து வர்றவங்களை முதல்ல சரிபார்த்து உள்ள விடற வழி) போட்டுட்டு அந்தப் போர்ட்டை மூடுங்க. ஒரு நாள் பில் போடாம இருந்தா முந்திரி கெட்டுப் போகாது.

கெடிலக்கரை:
ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். விபிஎன் போட்டு போர்ட்டை மூடியாச்சு. ஆர்டி வெப்ல 13 பேர் தாங்களே மாத்திக்கிட்டாங்க, ஒரு போன் இல்ல. குடோன் அண்ணன் ஒருத்தர் மட்டும் மாத்தின அரை மணியில லாக் ஆகறாரு. அஞ்சு தப்புக்கு லாக் வச்சிருக்கேன், அவரு தப்பாவே அடிக்கலைங்கறாரு.

முதுநகர் பெரியவர்:
அவரு அடிக்கலை, கம்ப்யூட்டர் அடிக்குது. பழைய பாஸ்வேர்டை சேவ் பண்ணி வச்சிருப்பாரு. அவரு கம்ப்யூட்டர்ல கிரெடென்ஷியல் மேனேஜர்ல (விண்டோஸ் சேவ் பண்ணின பாஸ்வேர்ட் இருக்கற இடம்) டெர்ம்எஸ்ஆர்வின்னு ஆரம்பிக்கறதை அழிங்க.

கெடிலக்கரை:
ரெண்டு இருந்துச்சு, அழிச்சாச்சு. பாண்டி அக்கா லேப்டாப்தான் பாக்கி. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறணும்.