புதுப்பிப்பு: செசில் ஹோட்டல் தண்ணீர்த் தொட்டி மூடி – விடை கிடைத்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸ் செசில் ஹோட்டலில் காணாமல் போன கனடா மாணவியின் உடல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்ததே, உள்ளே விழுந்தவர் மூடியை எப்படி மூடியிருக்க முடியும் என்று கேட்டிருந்தேன். இணையத் துப்பறிவாளர்கள் கொலைதான் என்று அடித்துச் சொல்வதற்கு இந்த மூடிதான் பிடிமானம்.

“அந்தப் பெண் லிஃப்ட் கேமராவில் பதிவான வீடியோவை விடுங்க, கோர்ட் வாக்குமூலத்தைப் பாருங்க” என்றவரின் யோசனைதான் பலித்தது. குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்ற புகாருக்காக ஏணி ஏறிப் போன பராமரிப்பு ஊழியர், மூடி திறந்தே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிரேதப் பரிசோதனை முடிவு: தற்செயலாக நீரில் மூழ்கிய மரணம், இருமுனை மனநோயும் (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார்) ஒரு காரணி.

எதிர்பாராதது ஒன்று: முந்தைய வருஷம் அங்கே தங்கிய ஒரு மெட்டல் (அதிரடி ராக் இசை) பாடகரை இந்த இணையத் துப்பறிவாளர்கள் கொலைகாரனாகவே ஆக்கியிருக்கிறார்கள். சம்பவத்தின்போது மனுஷன் மெக்சிகோவில் இருந்திருக்கிறார்!