மறு: ‘ஆங்கிள் சேசிங்’ – தமிழில் என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். வடிவியலில், தெரிந்த கோணங்களிலிருந்து தெரியாத கோணத்தைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் சேசிங்’ (angle chasing) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘கோணத் துரத்தல்’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல் அப்படியே வந்துவிடுகிறது.

ஐயா, அப்படியே வருவதில்தான் எனக்குத் தயக்கம். துரத்துவதென்றால் முன்னே ஒன்று ஓட வேண்டும். முக்கோணத்தில் எதுவும் ஓடுவதில்லை. தெரிந்த கோணத்திலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று நகர்பவர்கள் நாம்தாம். ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்: குத்தெதிர்க் கோணங்கள் சமம், உட்கோணங்களின் கூடுதல் 180 பாகை, இப்படி. இடையில் ஒரு காரணம் அறுந்தால், விடை சரியாக இருந்தாலும் நிறுவல் ஆகாது. பெயரில் இந்தப் பிணைப்பு தெரிய வேண்டும்.

> ‘கோணம் காணல்’ போதாதா? மாணவருக்கு எளிது.

எளிதுதான், ஆனால் மிக அகலமானது. பாகைமானி வைத்து அளப்பதும் கோணம் காணல். கொசைன் விதியால் கணக்கிடுவதும் கோணம் காணல். நாம் பெயர் தேடும் முறை இரண்டையும் தொடுவதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். கசத என்ற முக்கோணத்தில் கச = கத. கத பக்கத்தின் மேல் ப என்ற புள்ளி; கப = பச = சத. உச்சியிலுள்ள க கோணத்தின் அளவு என்ன? தரவில் ஒரு பாகைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். க கோணத்தை அ என்போம். கப = பச என்பதால் கசப கோணமும் அ. முக்கோணம் கசப-வுக்கு சபத வெளிக்கோணம். எனவே அது எதிரேயுள்ள இரு உட்கோணங்களின் கூடுதல், அதாவது 2அ. பச = சத என்பதால் த கோணமும் 2அ. கச = கத என்பதால் கசத கோணமும் 2அ. மூன்றையும் கூட்டினால் 5அ = 180; அ = 36 பாகை.

இதில் உயிர்நாடி சபத கோணம். தரவிலும் அது இல்லை, வினாவிலும் இல்லை; அதைக் கடக்காமல் கரை சேரவும் முடியாது. மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: விதிகளெல்லாம் மனப்பாடம், எந்த இடைக்கோணத்தை முதலில் பிடிப்பது என்பது மட்டும் தெரியாது. எனவே இத்தகைய கோணத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘வழிக்கோணம்’ என்று முன்மொழிகிறேன்.

முறைக்கு என் பரிந்துரை ‘கோணத்தொடர்வு’. தொடர்தல் என்ற வினைக்குப் பின்செல்வது, ஒன்றோடொன்று பிணைந்து வருவது என இரு பொருளும் உண்டு. இங்கே இரண்டும் வேண்டியவை. ‘கோணத்தொடர்’ என்று சுருக்க வேண்டாம். கணிதத்தில் ‘தொடர்’ ஏற்கெனவே வேறு பொருளில் (series) வேரூன்றிவிட்டது. முன்பு வந்த ‘கோணக்கோவை’க்கும் இதே சிக்கல்: இயற்கணிதக் கோவை (expression) குறுக்கே நிற்கிறது.

> துணைக்கோடு வரைவதும் இதில் அடங்குமா?

நல்ல கேள்வி. அடங்காது என்பேன். 1922இல் பிரித்தானியக் கணிதவியலாளர் எட்வர்ட் லாங்லி வெளியிட்ட புகழ்பெற்ற கணக்கை நினைத்துப் பாருங்கள். உச்சிக்கோணம் 20 பாகை, அடிக்கோணங்கள் 80 பாகை கொண்ட இருசமபக்க முக்கோணம். அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து அதனுடன் 60 பாகையிலும், மறுமுனையிலிருந்து 50 பாகையிலும் எதிர்ப்பக்கத்துக்கு இரு கோடுகள். அவை பக்கங்களைச் சந்திக்கும் புள்ளிகளை இணைத்து, அந்த இணைப்புக்கோடு முதற்கோட்டுடன் அமைக்கும் கோணத்தைக் கேட்கிறார்கள். கூடுதல் விதியை மட்டும் எத்தனை முறை சுழற்றினாலும் அந்தக் கோணம் பிடிபடாது. 60 பாகைக் கோடு புறப்படும் முனையிலிருந்தே அடிப்பக்கத்துடன் 20 பாகையில் இன்னொரு கோடு வரைந்தால், உள்ளே ஒரு சமபக்க முக்கோணம் தோன்றுகிறது. அதன்பின் தொடர்வு தடையின்றி நடந்து 30 பாகையில் முடிகிறது. கோடு வரைவது கண்டுபிடிப்பு. தொடர்வு அதற்குப் பிந்தையது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், எந்த இடத்தில் சிந்தனை தேவைப்பட்டது என்பதே மறைந்துவிடும்.

கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வரையறைகள்:

கோணத்தொடர்வு – தெரிந்த அல்லது எழுத்தால் குறித்த கோணங்களிலிருந்து, ஒவ்வொரு படிக்கும் காரணம் காட்டி, தெரியாத கோணத்தை அடையும் முறை.

வழிக்கோணம் – கோணத்தொடர்வில் தரவாகவோ விடையாகவோ அல்லாமல் இடையில் கண்டறியப்படும் கோணம்.

‘கோணத்தொடர்வால் நிறுவுக’ என்று வினாத்தாளில் எழுதினால் இயல்பாக ஒலிக்கிறதா? வகுப்பில் கற்பிப்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.